இருபது மில்லிகிராமில் தொடங்குங்கள்: பிரிட்டன் கடைகளில் கிடைக்கும் பாட் வேப்புகள்

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் டிஸ்போசபிள் வேப், அதாவது தீர்ந்ததும் எறியும் மின் சிகரெட், விற்பது சட்டவிரோதம். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் நடத்தும் மூலைக்கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் சரம்சரமாக நின்ற அந்தக் கலர் குச்சிகளின் இடத்தில் இப்போது சற்றே பெரிய பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு பேட்டரி, லிக்விட் அடைக்கும் ஒரு சின்னக் கூடு. கூட்டின் பெயர் பாட். டிஸ்போசபிளோடு பழகியவர்களும், இதுவரை சிகரெட்டை மட்டுமே தொட்டவர்களும் இனி இதில்தான் தொடங்கியாக வேண்டும். எந்தப் பெட்டியை எடுப்பது, அதில் எதை ஊற்றுவது, எங்கே கெட்டுப்போகும் என்பதே இந்த மதிப்புரை.

யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்குப் பத்து இருபது சிகரெட் பிடிக்கும், அதை விட நினைக்கும், பிரிட்டனில் வாழும் பெரியவருக்கு. புகைக்காதவர் இதைத் தொட ஒரு காரணமும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பதே குற்றம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டப்படி அங்கே தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளச் சந்தையில் கிடைப்பதில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பது விற்பவருக்கே தெரியாது. உங்களுக்கு மருந்துக்கடை நிகோட்டின் சூயிங்கம்மும், 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கின்றன.

கடை அலமாரியில் மூன்று சாதி இருக்கிறது.

முதல் சாதி, நிரப்பியே வரும் பாட். பேட்டரி உங்களிடம் இருக்கும், 2 மி.லி. லிக்விட் அடைத்து மூடிய பாட்டைத் தீரத்தீர வாங்கிச் செருகலாம். டிஸ்போசபிள் விற்ற அதே நிறுவனங்கள் அதே உருவத்தில் கீழே ஒரு சார்ஜ் துளை வைத்து விற்பது இதைத்தான். வேலை சுலபம், கை அழுக்காகாது. ஆனால் ஒரு மி.லி. என்ன விலை என்று கணக்குப் போட்டால் மூன்று வகையிலும் இதுவே அதிகம். கடையில் இருக்கும் சுவையும் வீரியமும்தான் உங்களுக்கு. குறைத்துக்கொண்டே வரலாம் என்றால் பெரும்பாலும் 20 மி.கி., 10 மி.கி. (ஒரு மி.லி. லிக்விட்டில் உள்ள நிகோட்டின்) என்ற இரண்டு படிதான். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், கண் சரியாகத் தெரியாத முதியவர்களுக்கும் இதுவே சரி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது, நாமே நிரப்பும் பாட். லிக்விட் குப்பி தனியாக வாங்கி ஊற்ற வேண்டும். சூடாகும் கம்பிச்சுருளான காயில் பாட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். காயில் கருகினால் பாட்டோடு எறிந்துவிட்டுப் புதிது போடலாம்.

மூன்றாவது, பேனா போன்ற நீளக் கருவியும் மேலே கண்ணாடித் தொட்டியும். காயிலை மட்டும் திருகிக் கழற்றி மாற்றலாம். இன்னோக்கின் எண்டியூரா டி18 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1.5 ஓம் மின்தடை உள்ள காயில், 14 வாட் சூடு, ஒரே பொத்தான். பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல் விற்பனையில் இருப்பதே அதற்கான சான்றிதழ். செலவு மிகக் குறைவு. பிளாஸ்டிக் குப்பையும் குறைவு. ஆனால் சட்டைப் பையில் மறைந்து இருக்காது.

எங்கள் தேர்வு இரண்டாவது வகை. அதில் கடைக்குக் கடை கிடைப்பது வேப்பரெஸோ எக்ஸ்ராஸ் 3. 1000 எம்.ஏ.எச். பேட்டரி, டைப்-சி சார்ஜ், 2 மி.லி. பாட், பெட்டியிலேயே 0.6 ஓம், 1.0 ஓம் என இரண்டு பாட்கள். இழுத்தாலே சூடாகும், விரும்பினால் பொத்தானை அழுத்தியும் இழுக்கலாம். காற்று எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு சின்ன நகர்த்தி முடிவு செய்கிறது. இதைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் பேட்டரியோ அழகோ அல்ல, பாட்தான். எக்ஸ்ராஸ் வரிசையில் எந்தக் கருவிக்கு வாங்கிய பாட்டும் மற்றதில் பொருந்தும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட் கருகினாலும் பக்கத்துக் கடையில் மாற்று கிடைக்கும். எவ்வளவு நல்ல கருவியானாலும் மாற்று பாட் கிடைக்காத ஊரில் அது காகித எடைக்கல். மாற்று கிடைக்காத அந்த ஒரு சாயங்காலம்தான் சிகரெட் பாக்கெட் திரும்ப வீட்டுக்குள் வருகிறது.

கருவி இவ்வளவுதான். இதைவிடப் பெரிய விஷயம் அதற்குள் ஊற்றுவது.

சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறி இரண்டே வாரத்தில் திரும்பிப் போகிறவர்களின் கையில் இருக்கும் குப்பியைப் பார்த்தால் பெரும்பாலும் 3 அல்லது 6 மி.கி. என்று எழுதியிருக்கும். 'குறைவாகத் தொடங்குவோம், நல்லதுதானே' என்று நினைத்து வாங்கியது. நிகோட்டின் குறைந்தால் ஆபத்து குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகரெட்டில் நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பது எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும். திரும்பத் திரும்பப் பற்றவைக்க வைப்பது நிகோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் சேர்வது ஏறத்தாழ 1 முதல் 1.5 மி.கி. நிகோட்டின். அதுவும் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். வேப் அதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஏற்கெனவே மெதுவான ஒன்றில் நிகோட்டினையும் குறைத்தால், நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பீர்கள். தவிப்பு மட்டும் அடங்காது.

2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பிரிட்டிஷ் ஆய்வை இங்கே கவனிக்க வேண்டும். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் புகை நிறுத்தச் சேவைகளுக்கு வந்த 886 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் போன்றவற்றையும், மறு பாதிக்கு நிரப்பக்கூடிய மின் சிகரெட்டையும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் அணியில் 9.9 சதவீதம், இரண்டாவது அணியில் 18 சதவீதம். அந்த இரண்டாவது அணிக்குத் தொடக்கத்தில் கையில் கொடுத்த லிக்விட் 18 மி.கி. வீரியம். 3 அல்ல, 6 அல்ல. இரு அணிக்கும் வாராவாரம் ஆலோசனையும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. இன்னொரு பக்கமும் உண்டு: வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. பேட்ச், சூயிங்கம் அணியில் அது 9 சதவீதம்தான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே அளவு இப்படி. நாளுக்கு 15 சிகரெட்டுக்கு மேல், அல்லது எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 20 மி.கி. பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் அதுதான். நாளுக்கு எட்டிலிருந்து பதினைந்து என்றால் 10 அல்லது 12. அதற்குக் கீழே, மாலையில் மட்டும் பிடிப்பவர் 6-இல் தொடங்கலாம். எண்ணிக்கையைவிட அந்த 'எழுந்த அரை மணி' கேள்விதான் நம்பகமானது. நாளுக்கு ஆறே சிகரெட், ஆனால் பல் விளக்கும் முன்பே ஒன்று என்பவருக்கு 6 மி.கி. போதாது.

வீரியம் முடிவானதும் அடுத்த கேள்வி, சால்ட்டா ஃப்ரீபேஸா. நிகோட்டின் தன் இயல்பில் காரத்தன்மை உள்ளது, அந்த வடிவமே ஃப்ரீபேஸ். 20 மி.கி. அளவில் அப்படியே இழுத்தால் தொண்டையில் மிளகாய்ப் புகை பட்டது போல் இருக்கும். பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்துக் காரத்தைக் குறைத்ததே சால்ட். இதமாக இறங்கும், சற்று வேகமாகவும் ஏறும். அதனால் 10, 20 மி.கி. என்றால் சால்ட். தொண்டையில் அந்த அடி இல்லாமல் தம் அடித்த மாதிரியே இல்லை என்பவர்களும் உண்டு, அதிலும் வடிகட்டி இல்லாமல் தாளில் தாமே சுருட்டிப் பிடிக்கும் புகையிலைக்குப் பழகியவர்கள். அவர்களுக்கு 12 அல்லது 18 மி.கி. ஃப்ரீபேஸ் பிடிக்கும்.

குப்பியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: வி.ஜி., பி.ஜி. விகிதம். வி.ஜி. என்பது கிளிசரின், கெட்டியானது, ஆவிப் படலம் தருவது. பி.ஜி. என்பது புரொபிலீன் கிளைக்கால், நீர்த்தது, சுவையையும் தொண்டை அடியையும் தருவது. பாட்டுக்கு 50/50 வாங்குங்கள். 70 சதவீதம் வி.ஜி. உள்ளது தேன் மாதிரி; 1.0 ஓம் பாட்டின் சின்னத் துளைகள் வழியே பஞ்சுக்குப் போய்ச் சேராது. பஞ்சு காய்ந்து கருகும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.லி. பெரிய குப்பி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்தக் குப்பி நிகோட்டினே இல்லாமல் வருவது, அதில் கலக்கவென்றே விற்கும் 18 மி.கி. நிகோட்டின் ஷாட் ஒரு 10 மி.லி. கலந்தால் மொத்தம் 60 மி.லி.யில் 3 மி.கி. மட்டுமே வரும். பெரிய கருவியில் மேகம் விடுபவர்களுக்கான சரக்கு அது, சிகரெட்டை விடுபவருக்கானதல்ல.

பெட்டியில் வரும் இரண்டு பாட்களில் எதை முதலில் போடுவது? 1.0 ஓம். மின்தடை கூடினால் சூடு குறையும், ஆவி குறையும், இழுப்பு இறுகும்; சிகரெட் போல வாயில் இழுத்து நிறுத்தி, பிறகு உள்ளே விடும் பழக்கத்துக்கு இதுதான் ஒத்துவரும். 20 மி.கி. சால்ட்டை 0.6 ஓமில் ஊற்றி, காற்றுவழியை முழுக்கத் திறந்து இழுத்தால் பத்து இழுப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவீர்கள். 0.6 பின்னால் உதவும், 6 அல்லது 3 மி.கி.க்கு இறங்கிய பிறகு.

நிரப்புவது பெரிய வித்தை இல்லை, ஆனால் முதல் பத்து நிமிடம்தான் பாட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பாட்டைக் கருவியிலிருந்து கழற்றுங்கள். சில பாட்களில் வாய்முனையை இழுத்தால் மேலே துளை தெரியும், சிலவற்றில் பக்கவாட்டில் ரப்பர் மூடி. குப்பியின் கூர்முனையைத் துளைக்குள் நன்றாக அழுத்தி மெல்லப் பிழியுங்கள். முழுக்க நிரப்பாதீர்கள், மேலே ஒரு சிறு காற்றுக்குமிழி அளவு இடம் இருக்கட்டும். மூடியதும் டிஷ்யூவால் அடிப்பகுதியைத் துடைத்து, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் மேசையில் நிறுத்திவையுங்கள். பஞ்சு லிக்விட்டைக் குடிக்க எடுக்கும் நேரம் அது. பிறகு கருவியில் செருகி, முதல் நாலைந்து இழுப்பை மிகச் சிறிதாக இழுங்கள். நனையாத பஞ்சு ஒருமுறை கருகினால் அந்த வாடை பாட் ஒழியும் வரை போகாது, கழுவியும் பயனில்லை. 'புது பாட்டே கெட்டு வந்திருக்கிறது' என்று கடைக்குத் திரும்ப வரும் பாட்களில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்தது இந்தப் பத்து நிமிட அவசரம்தான்.

இழுக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். சிகரெட்டை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு நன்றாக எரியும். வேப்பில் தலைகீழ். வேகமாக இழுத்தால் காற்று காயிலைக் குளிரவைக்கும், ஆவியாகாத லிக்விட் துளியாகவே வாய்க்கு வரும். டீயை ஊதாமல் உறிஞ்சுவது போல மெதுவாக, மூன்று நான்கு நொடி. அடுத்த இழுப்புக்கு முன் இருபது முப்பது நொடி விடுங்கள். பஞ்சு மறுபடி நனைய வேண்டும். சிகரெட்டுக்கு முடிவு உண்டு, வேப்புக்குக் கிடையாது. ஐந்து நிமிடத்தில் தீர்ந்து காலடியில் மிதிபடும் துண்டு இல்லை என்பதால், எட்டுப் பத்து இழுப்பில் பையில் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். போதவில்லை என்றால் மறுபடி எடுக்கலாம்.

கோளாறுகளில் அதிகம் வருவது குளகுள சத்தம். காயிலுக்குள் இருக்கும் குழாயில் லிக்விட் நிறைந்துவிட்டது என்று பொருள். பாட்டைக் கழற்றி, டிஷ்யூவை வாய்முனையில் சுற்றிப் பிடித்து, ஜுரமானியை உதறுவது போல இரண்டு மூன்று முறை உதறினால் துளிகள் வெளியே வரும். பாட் வைக்கும் குழியில் ஈரம் இருந்தால் அதையும் துடையுங்கள். சார்ஜ் நன்றாக இருந்தும் கருவி வேலை செய்யாமல் விளக்கு மின்னுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் குழியில் மின்தொடர்பு முனைகளின் மேல் தேங்கும் ஈரம்தான். விமானத்தில் ஏறினாலும், வெயிலில் நின்ற காருக்குள் வைத்தாலும் பாட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து லிக்விட்டைக் கீழே தள்ளும். அங்கே ஒழுகினால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். பயணத்துக்கு முன் பாட்டைக் காலி செய்துவிடுங்கள், அல்லது விளிம்பு வரை நிரப்பி, காற்றே இல்லாமல் செய்துவிடுங்கள்.

கருகிய வாடை புது பாட்டில் வந்தால் மேலே சொன்ன அவசரம். பழைய பாட்டில் வந்தால் முதலில் லிக்விட் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் கருகினால் பாட் முடிந்தது. ஒரு பாட் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரும். அதை மூன்று நாளில் கொல்வது இனிப்பு. பழச்சாறு, கேக், குளிர்பான வகை லிக்விட்களில் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி இருக்கும். சூட்டில் அது பாகு காய்ச்சிய பாத்திரத்தின் அடி போலக் காயிலில் கறுப்பாகப் பிடிக்கும். புதினா, மெந்தால், புகையிலைச் சுவைகளில் பாட் நீண்ட நாள் தாங்கும். புகையிலைச் சுவை என்று எழுதியிருப்பதை நம்பி உங்கள் பிராண்டின் ருசியை எதிர்பார்க்காதீர்கள். எரிந்த இலையின் ருசியை எரியாத ஒன்று தர முடியாது. முதல் வாரம் அதில் தொடங்கி, நாக்கு திரும்பியதும் பழத்துக்கு மாறுபவர்களே அதிகம். மெந்தால் சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் சிக்கல் இல்லை. 2020 மே மாதம் பிரிட்டனில் அது தடையானபோது நிறையப் பேர் நேராக மெந்தால் வேப்புக்கு வந்தார்கள்.

இனி உடம்பு. முதல் வாரத்தில் இருமல் கூடலாம். பி.ஜி. ஈரத்தை உறிஞ்சுவதால் வாயும் தொண்டையும் காயும். தண்ணீர் அதிகம் குடித்தால் சரியாகும். பி.ஜி. ஒத்துக்கொள்ளாமல் தொண்டை புண்ணாகவே இருந்தால் 60 சதவீதம் வி.ஜி. உள்ள குப்பியை 0.8 அல்லது 0.6 ஓம் பாட்டில் முயலலாம். தலைவலி, குமட்டல், படபடப்பு என்றால் நிகோட்டின் அதிகம். இழுப்பைக் குறைத்தாலே அரை மணி நேரத்தில் அடங்கும். எரிச்சல், தூக்கமின்மை, அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னும் பசி என்றால் நிகோட்டின் குறைவு.

படபடப்புக்கு இன்னொரு காரணம் உண்டு, அது கடையில் யாரும் சொல்லாதது. சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. காப்பியில் உள்ள காஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். இது நிகோட்டினின் வேலை அல்ல, புகையின் வேலை. அதனால் வேப்புக்கு மாறிய சில நாளிலேயே அந்தத் தூண்டல் நின்றுவிடும். வழக்கமான நாலு காப்பி எட்டுக் காப்பியின் வேலையைச் செய்யும். வேப் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை விடுவதற்கு முன் காப்பியைப் பாதியாக்கிப் பாருங்கள். காப்பி சின்ன விஷயம். குளோசபின், ஓலான்சபின், தியோஃபிலின் மருந்து எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. சிகரெட் நின்றதும் அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். மாறும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் வைத்துக்கொள்வது பற்றி. முதல் ஒன்றிரண்டு வாரம் வேப்பும் சிகரெட்டுமாகத் தள்ளாடுவது இயல்பு. அதற்காக மனம் விட வேண்டாம். ஆனால் 'இருபதை இரண்டாக்கிவிட்டேனே' என்று அங்கேயே நிற்பது கணக்குத் தப்பு. 2018-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவரின் கூடுதல் இதயநோய் அபாயம் இருபது பிடிப்பவரின் கூடுதல் அபாயத்தில் ஏறத்தாழ பாதி என்கிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி. மிஞ்சி நிற்கும் அந்த இரண்டு எவை என்று பாருங்கள். பெரும்பாலும் காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. காலைச் சிகரெட்டுக்கு மருந்து, இரவே பாட்டை நிரப்பி, சார்ஜ் ஏற்றி, படுக்கை அருகே வைப்பது. இரவு முழுக்க நிகோட்டின் இறங்கியிருப்பதால் வேப் மட்டும் போதவில்லை என்றால் அதோடு ஒரு நிகோட்டின் பேட்ச் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளூர்ப் புகை நிறுத்தச் சேவையில் இரண்டையும் சேர்த்து எப்படி என்று சொல்லித் தருவார்கள்.

தீங்கு எவ்வளவு? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-இல், நீண்டகாலத் தீங்கு சிகரெட்டின் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று மதிப்பிட்டது. அது மதிப்பீடு, ஐம்பது ஆண்டு இழுத்தவரை யாரும் இன்னும் பரிசோதித்ததில்லை, ஏனெனில் இன்றைய வடிவத்தில் இந்தக் கருவி சீனாவில் பிறந்ததே 2003-இல்தான். 2019-20-இல் அமெரிக்காவில் நுரையீரல் கெட்டு 68 பேர் இறந்த செய்தியைச் சொல்லி வீட்டில் பயமுறுத்துவார்கள். அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறிந்தது கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கள்ளத்தனமாகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். பிரிட்டனில் விற்கும் நிகோட்டின் லிக்விட்டில் வைட்டமின் சேர்க்கவே அனுமதி இல்லை. ஆனால் அது சட்டப்படி விற்கும் லிக்விட்டுக்கு மட்டும் உள்ள காப்பு.

அதனால் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குப்பி 10 மி.லி.க்கு மேல் இருந்து அதில் நிகோட்டின் கலந்திருந்தால், பாட் 2 மி.லி.க்கு மேல் பிடித்தால், வீரியம் 20-ஐத் தாண்டினால், அது சட்டத்துக்குப் புறம்பான சரக்கு. நிகோட்டின் எச்சரிக்கை வாசகம் பெட்டியின் முகப்பில் முப்பது சதவீத இடத்தை அடைத்திருக்க வேண்டும். '50 மி.கி.' என்றோ, ஆயிரக்கணக்கான இழுப்பு ஒரே கூட்டில் என்றோ கண்டால் வெளியே வந்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் உங்களிடம் முதலில் கேட்பது சுவையை அல்ல, நாளுக்கு எத்தனை சிகரெட் என்பதை. கேட்காமலேயே பெரிய கருவியை நீட்டினால் அவர் விற்பது உங்களுக்கான பொருளை அல்ல.

செலவு. கருவி 15 முதல் 25 பவுண்டு, ஒருமுறை. 20 மி.கி. சால்ட்டில் நாளுக்கு 2 மி.லி. போனால் மாதம் ஆறு குப்பி, குப்பி மூன்றரை பவுண்டு என்றால் 21. பாட்டுக்கு ஒரு பத்து. ஆக மாதம் முப்பது சொச்சம். சிகரெட் பாக்கெட் ஒன்றின் விலை பதினைந்து பவுண்டைத் தொடும் ஊரில் இரண்டு நாள் செலவு. 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்திருக்கிறார்கள். அதன்மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தால் 2.64. மாதம் ஆறு குப்பிக்கு ஏறத்தாழ 16 பவுண்டு கூடும். நிகோட்டின் இல்லாத லிக்விட்டுக்கும் அதே வரி என்பதால், 50 மி.லி. பெரிய குப்பி மலிவு என்ற பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் உள்ளூர்ப் புகை நிறுத்தச் சேவைகள் வழியாக இலவசத் தொடக்கக் கருவி தரும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. வாங்குவதற்கு முன் உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள். கர்ப்பிணிகள் முதலில் மருத்துவச்சியிடம் பேச வேண்டும். அங்கே பேட்சும் சூயிங்கம்மும்தான் முதல் பரிந்துரை.

லிக்விட் குப்பியை மருந்து வைக்கும் உயரத்தில் வையுங்கள். 10 மி.லி. 20 மி.கி. குப்பியில் 200 மி.கி. நிகோட்டின் இருக்கிறது, ஸ்ட்ராபெரி வாசத்தில் ஒரு குழந்தை அதைக் குடித்தால் நேரே 999 அவசர அழைப்புத்தான். கையில் கொட்டினால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் ஏறும். போனுக்கு வந்த அதிவேக சார்ஜரில் போடாமல் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள்; தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க ஏற்ற வேண்டாம். விமானத்தில் கைப்பையில் மட்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. அதைவிட முக்கியம், ஊருக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சென்னையில் இறங்கினால் பையில் இருக்கும் ஒன்றே ஒன்றும் இறக்குமதிதான். சிங்கப்பூர் வழியாகப் போனால் வைத்திருப்பதே குற்றம், 2018 முதல். ஊரில் இருக்கும் நாட்களுக்குப் பேட்சும் சூயிங்கம்மும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கல்யாண வீட்டு வாசலில் யாராவது நீட்டும் முதல் சிகரெட்டில் எல்லாம் போய்விடும்.

குறைப்பதற்கு அவசரம் வேண்டாம். சிகரெட் முழுதாக நின்று இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு 20-இலிருந்து 10-க்கு இறங்குங்கள். இறங்கியதும் நாளுக்கு 2 மி.லி. என்பது 4 ஆனால், உடம்பு குறையை ஈடுகட்டுகிறது. வீரியம் பாதியானாலும் உள்ளே போவது அதேதான், பாட்டுக்கும் லிக்விட்டுக்கும் செலவு இரட்டிப்பு. அப்போது 10-ஐயும் 20-ஐயும் சமமாகக் கலந்து 15 ஆக்கி ஒரு மாதம் இருங்கள். 6-க்கு வந்தபின் ஃப்ரீபேஸுக்கும் 0.6 ஓமுக்கும் மாறினால் தொண்டை அடி ஓரளவு மிஞ்சும், குறைந்தது தெரியாது. பிறகு 3, பிறகு பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பின்னும் கை மட்டும் தேடும். சிலருக்கு அது சில வாரம், சிலருக்கு நெடுநாள்.

கருவியைப் பயன்படுத்தி முடித்ததும் வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தீர்ந்த பாட்களையும் ஒரு டப்பாவில் சேர்த்து அங்கேயே கொடுங்கள்.